பலகையில் மீந்த பெயர்

ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். நோட்டை மூன்று தடவை புரட்டியாகிவிட்டது, தை முதல் தேதியிலிருந்து நேற்று வரைக்கும். முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டதுதான். இரண்டாவது தடவை கண்ணை நம்பாமல், மூன்றாவது தடவை புத்தியை நம்பாமல். சந்தில் குடியிருக்கும் முந்நூற்று நாற்பத்திரண்டு பேரில் எல்லாருக்கும் நேராகச் சிவப்பு மையில் டிக் விழுந்திருக்கிறது, கதவு எண் அறுபத்திரண்டு சோணைமுத்துவுக்கு நேராக மட்டும் ஒன்றுமில்லை. இன்றைக்குப் போகி. வருஷத்தின் கடைசிப் பலகையை எழுதியாக வேண்டும். நாளை தை பிறந்தால் புது நோட்டு, புதுப் பட்டியல், முதல் வீட்டிலிருந்து மறுபடி. ஒன்பது வருஷமாக ஒரு பெயர்கூட விட்டுப்போனதில்லை, தொட்டில் பிள்ளை உட்பட. பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்து கேட்கிறாள், "இன்னும் கெளம்பலையா? மணி அஞ்சேகாலாச்சு." "இந்தா கெளம்பிட்டேன்." "இதையேதான் செத்த முன்னாடியும் சொன்னீங்க." சொன்னேனா? சொல்லியிருக்கலாம். அவள் சும்மா சொல்கிறாளா, இல்லை என்னைச் சோதித்துப் பார்க்கிறாளா என்று இப்போதெல்லாம் பிடிபடுவதில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், சொன்னதையே நான் திரும்பச் சொன்னால் அவள் சிரிப்பாள், இருபத்தொன்பது வருஷம் பஸ்ஸில் ரைட் ரைட் என்று கத்தியவன் வாய், அப்படித்தான் இருக்கும் என்று. இப்போது சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பு எந்த மாதத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். ஐப்பசியில். எது மறந்தாலும் அது மட்டும் மறந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

சாக்பீஸ் டப்பா, ஈரத்துணி, நோட்டு, டார்ச். நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுகிறேன், டார்ச்சை மட்டும் இரண்டு தடவை. வலது முழங்கால் முதல் எட்டிலேயே முனகுகிறது. ஓடுகிற வண்டியில் நின்றே பிழைத்த முழங்கால், இப்போது நிற்கிற தரையில் நடக்கச் சொன்னால் அதற்குக் கோபம் வருகிறது. சந்து முழுக்கப் புகை. பாய், பிய்ந்த முறம், போன தேர்தலின் அட்டை எல்லாம் எரிகின்றன. டயரை எரிக்காதீர்கள் என்று மாநகராட்சி வண்டி நேற்று மைக்கில் கத்திவிட்டுப் போனது, எவன் கேட்டான். இருமிக்கொண்டே நடக்கிறேன். என் வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு நாற்பத்தெட்டு எட்டு. பெயர்தான் மோட்டார் ரூம், மோட்டாரை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்ததுதான் எங்கள் பலகை. பக்கத்திலேயே தெருக் குழாய், கொஞ்சம் தள்ளி மங்கலாக ஒரு தெரு விளக்கு. பெரிய ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இந்தச் சுவர்தான், அதற்காகத்தான் இதைப் பிடித்தேன். நான் கண்டக்டராக இருந்த காலத்தில் எங்கள் நிறுத்தத்தின் பெயரைக் கூவினால் வண்டியில் ஒருத்தரும் எழ மாட்டார்கள். முந்தின நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார்கள். சுப்பையாபுரம் நாலாவது சந்துக்கு மதுரையில் அரிவாள் சந்து என்று பெயர். எந்தக் காலத்திலோ நடந்த ஒரு வெட்டுக்குத்து, பேப்பரில் படத்தோடு வந்தது, அவ்வளவுதான், அப்புறம் பெண் கேட்டு எவனும் உள்ளே வரவில்லை, ஆட்டோக்காரர்கள் ரோட்டோடு இறக்கிவிட்டுப் போனார்கள். நானும் முந்தின நிறுத்தத்தில் இறங்கியவன்தான். டிப்போவில் வீடு எங்கே என்று கேட்டால் பக்கத்து ஏரியாவைச் சொன்னவன்தான். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் போட்ட மாலையோடு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. மறு வாரம் பெயின்ட் வாங்கினேன்.

ஒரு நாளைக்கு ஒரு ஆள், ஒரு நல்ல காரியம், பெயரும் கதவு எண்ணும். ஒருத்தர் பெயர் வருஷத்தில் ஒரு தடவைதான் வரும், ஆனால் வந்தே தீரும். யாராவது ஒருத்தர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பொய் கூடாது. ஜாதி, கட்சி, சினிமா கிடையாது. ஆள் தீர்ந்துபோய் மிஞ்சுகிற நாட்களில் வேப்பமரத்தைப் பற்றி எழுதுவேன், நாயைப் பற்றி எழுதுவேன். முதல் வருஷம் சிரித்தார்கள். கதவு எண் 17 செல்லத்தாய், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை மழைக்கு முன் எடுத்து மடித்து வைத்தார். இதெல்லாம் ஒரு செய்தியா என்று டீக்கடை லூர்துதான் கேட்டான். மறுநாள் செல்லத்தாய் தன் தங்கச்சியைத் திருமங்கலத்திலிருந்து வரவழைத்துப் பலகை முன்னால் நிறுத்தினாள். அவள் பெயரை ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் யாரும் எழுதியதில்லையாம். கதவு எண் 30 பிச்சை, நிறைந்த போதையிலும் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். அதை எழுதியதற்குப் பிச்சையின் பெண்டாட்டி முதலில் சண்டைக்கு வந்தாள், அப்புறம் அங்கேயே நின்று அழுதாள். ஒரு வருஷம் பெண் பார்க்க வந்த கூட்டம் மாப்பிள்ளைத் தகப்பனுக்காகக் காத்திருந்த நேரத்தில் பலகையைப் படித்துக்கொண்டே நின்றது. இப்போது எங்கள் ஆட்கள் எங்கள் நிறுத்தத்திலேயே இறங்குகிறார்கள், நாலாவது சந்து டிக்கெட் ஒன்று என்று சத்தமாகக் கேட்டு வாங்குகிறார்கள். அதைக் காதால் கேட்ட அன்று எனக்கு வந்த பெருமை, பிள்ளை பெற்ற அன்றுகூட வரவில்லை. எல்லாம் சரிதான். ஆனால் சலித்துப்போய்விட்டது. நல்லது தேடிக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று யாருக்கும் தெரியாது. குறை தானாக வந்து மேலே விழுகிறது, நல்லதைத்தான் பின்னாலேயே போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தன் எச்சில் துப்புவதைப் பார்த்தாலும், சரி, ஓரமாகத் துப்புகிறான் என்று மனது குறித்துக்கொள்கிறது. தூக்கத்திலும் குறித்துக்கொள்கிறது. போதும் என்று இருக்கிறது. சாக்பீஸை யாரிடமாவது கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நேற்றைய எழுத்தை ஈரத்துணியால் துடைக்கிறேன். கறுப்பு பளபளவென்று வருகிறது. சோணைமுத்து. பால் பாக்கெட் போடுகிறவன், வாடகைக்கு வந்து ஏழு வருஷம், ஒண்டிக்கட்டை. ஐம்பது வயதிருக்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கூப்பிட்டால் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்புவான். திருவிழாக் கூட்டத்துக்கு வர மாட்டான், எவன் கல்யாணத்திலும் கை நனைக்க மாட்டான். வருஷா வருஷம் அவன் முறை வரும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். முதல் வருஷம் எளிதாகப் போயிற்று, கொட்டுகிற மழையிலும் ஒரு நாள் தவறாமல் பால் போட்டார். அடுத்த வருஷம், சைக்கிளை வழியை மறிக்காமல் சுவரோரம் நிறுத்துகிறார். அதற்கடுத்து, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. அவன் யாரோடும் பேசுவதே இல்லை, பிறகெங்கே புறம் பேசுவது. அந்த வருஷம் கொஞ்சம் கோல்மால்தான் பண்ணினேன். இந்த வருஷமும் அப்படி ஒன்று கிடைக்காதா? சைக்கிள் மணியைத் தூங்குகிற வீட்டருகே அடிப்பதில்லை. உண்மைதான். உடைந்த பாக்கெட்டை யார் தலையிலும் கட்டுவதில்லை. அதுவும் உண்மைதான். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம். பெயர் வந்துவிடும், டிக் போட்டுவிடலாம், வருஷம் முடிந்துவிடும். சாக்பீஸை எடுக்கிறேன். சுவரில் வைக்கிறேன். கை நகர மாட்டேன் என்கிறது.

ஐப்பசி பதினாலு. தூறல். இதே நேரம், இதே சுவர், டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினேன். கதவு எண் 41 ஹரிபாண்டி, சொட்டிக்கொண்டிருந்த தெருக் குழாயை நேற்றுத் தானே கழற்றிச் சரிசெய்து மாட்டினார். அழகாக எழுதினேன், எழுத்து நேராக வந்தது என்று திருப்திகூடப் பட்டேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையன். முந்தின நாள் சாயங்காலம் அவனை நான் பார்த்தேன். இதோ இந்தக் கண்ணால். கால்சட்டையை முட்டுக்கு மேல் மடித்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருந்தான், கழுத்து வரைக்கும் முடி. முடியை வெட்டுடா, படிக்கிற பிள்ளையா நீ என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக் கொடுங்க பெரியப்பா என்றான், எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேனரின் ஈரம் உள்ளங்கையில் இருந்தது. எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாதி டீ குடித்திருப்பேன், டார்ச்சை விட்டுவிட்டு வந்தது நினைவு வந்து திரும்பினேன். பலகை முன்னால் சத்தம். லூர்து சோணைமுத்துவின் சட்டையைப் பிடித்திருந்தான். "ஒனக்கு என்னய்யா கொள்ள? ஊரே படிக்கிறத அழிக்கிறியே, ஒன் பேரு வரலைன்னு வயித்தெரிச்சலா?" சோணைமுத்துவின் கையில் நனைந்த துண்டு, பலகை வெறுமையாக இருந்தது, ஒரு எழுத்து இல்லை. ஹரிபாண்டியின் அம்மா இந்திராணி, இடுப்பில் காலிக் குடத்தோடு, வந்த வேகத்தில் நின்றதுபோல நாலு எட்டு தள்ளி நின்றாள். லூர்து என்னிடம் திரும்பினான். "அண்ணே, என்ன எழுதியிருந்தீங்க? சொல்லுங்க, நானே திரும்ப எழுதுறேன்." வாயைத் திறந்தேன். ஹரி என்ற பாதிப் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது, இந்திராணியின் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. அவன் செத்து மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது. ஆடி மாதம், டெங்கு, பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள். பாடைக்கு முன்னால் நடந்தவர்களில் நானும் ஒருவன். நோட்டில் அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தவனும் நான்தான். அந்தக் குழாய், அந்த ஸ்பேனர், அந்த முடி எல்லாம் போன வருஷத்து ஐப்பசி. அன்றைக்குப் பலகையில் எழுதிய அதே வாக்கியத்தை, ஒரு எழுத்துப் பிசகாமல், நேற்று என்று போட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். "என்னண்ணே, சொல்லுங்க." "ஞாபகம் இல்லப்பா" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த பொய் அது. சோணைமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தான். துண்டைப் பிழிந்து தோளில் போட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அன்றைக்கே முடிந்திருப்பேன்.

அன்றிலிருந்து அவன் பெயர் ரப்பர். குழந்தைகள் வைத்தார்கள், பெரியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரப்பரு வருது, சுவத்தப் பாத்துக்கடா. முப்பது வீடு அவனிடம் பால் வாங்குவதை நிறுத்தி, கடையில் வாங்க ஆரம்பித்தது. இந்திராணி வீடும் அதில் ஒன்று. எங்கள் வீடு நிறுத்தவில்லை, அவ்வளவுதான் என் யோக்கியதை. மறு வாரம் பால் வண்டி வருகிற இடத்துக்குப் போய் அவனைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்ப்பா அழிச்ச?" என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி. ட்ரேயை அடுக்கிக்கொண்டே சொன்னான், "பிள்ளையப் பறிகுடுத்தவ. தண்ணிக்கு வர்ற நேரம். அவ பாக்குறதுக்கு முந்தி அழிக்கணும்னு தோணுச்சு, வேற என்னத்தச் செய்ய?" "லூர்துகிட்ட சொல்லியிருக்கலாமே." "சொன்னா ஒங்களையில்ல சொல்லணும்." கடைசி ட்ரேயைக் கட்டினான். அப்புறம் சைக்கிளில் கால் போட்டபடி, "நீங்க எழுதுங்கண்ணே. நாலு பேரு படிக்கிறாய்ங்க. ஆனா ஒரு டாக்டரப் பாருங்க" என்றான். ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. டாக்டரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காத வரைக்கும் அது வெறும் வயசு. சில நாள் இன்னொரு பயம் வரும், சோணைமுத்து அப்படிச் சொன்னானா, இல்லை அதுவும் நானே ஜோடித்துக்கொண்டதா என்று. ஸ்பேனரின் ஈரம் கையில் இருந்ததே, அதுவும் உண்மையில்லையே. எது நடந்தது, எது எனக்குள் மட்டும் நடந்தது என்று பிரிக்க ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது, அந்தச் சாட்சியாக இருப்பவனையோ ஊர் ரப்பர் என்கிறது. பஞ்சவர்ணத்திடம் சொல்லலாம் என்று பத்துத் தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உப்புப் போதுமா என்று கேட்டு முடித்திருக்கிறேன்.

இந்த இரண்டரை மாதமும் அவன் பெயரைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. அவனுக்கு முன்னால் கைக்குழந்தையை எழுதினேன், நாயை இரண்டு தடவை எழுதினேன். இப்போது தள்ள நாளில்லை. மணி அடிக்காமல் போகிறான் என்று எழுதினால் அது உண்மை, ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன். இந்தச் சந்தில் இந்த வருஷம் நடந்த காரியங்களில் பெரிய காரியம் எது என்று எனக்குத் தெரியும், எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். அதை எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும். எழுதினால் நாளைக்கு லூர்து என்ன கேட்பான்? உங்களுக்கு ஞாபகம் தப்புதாண்ணே என்று பாவமாகக் கேட்பான், திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. சாக்பீஸை நைசாக வாங்கிக்கொள்வார்கள். நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே. யாரோ ஒரு விவரமான ஆள் எழுதுவான், எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வரி போடுவான், கதவு எண் 9 தவமணி, வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். இந்திராணி படிப்பாள், அதுதான் அதைவிடப் பெரிது. அன்றைக்கு அவள் பார்க்காமல் தப்பியதை இன்றைக்கு நானே சுவரில் எழுதிக் காட்டப் போகிறேனா? ஒருத்தன் பழியைச் சுமந்து மறைத்து வைத்ததைத் திறந்து காட்டுவதுதான் அவனுக்குச் செய்கிற மரியாதையா? சரி, எழுத வேண்டாம். எழுதாவிட்டால் அவன் பெயர் வராமல் வருஷம் முடியும், முந்நூற்று நாற்பத்திரண்டு பேரில் நல்லது செய்யாத ஒரே ஆள் என்று சந்தே படிக்கும். அதுவும் நான் எழுதியதாகத்தான் ஆகும். காலுக்குக் கீழே தரை ஜில்லென்றிருக்கிறது. புகை கண்ணைக் கரிக்கிறது. எவ்வளவு நேரம் இப்படி நின்றேனோ, கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. களைத்துப்போனவனுக்கு ஒரு சௌகரியம், பயப்படக்கூட ஒரு கட்டத்துக்கு மேல் தெம்பிருக்காது. எழுத ஆரம்பித்தேன்.

கதவு எண் 62, சோணைமுத்து. காலமான ஹரிபாண்டி உயிரோடு இருப்பதாக நினைத்து ஐப்பசி 14 அன்று நான் பலகையில் தவறாக எழுதிவிட்டேன். அவனுடைய தாய் பார்க்கும் முன் அதை அழித்தவர் இவர். அதற்காக ஏச்சு வாங்கியும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் தவறுகிறது. எழுதியவன் தவமணி, கதவு எண் 9.

ஐந்தாவது வரியில் ஞாபகம் என்ற சொல்லை எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. மீதித் துண்டால் முடித்தேன். தள்ளி நின்று படித்துப் பார்த்தேன், யாரோ எழுதியது போலிருந்தது. பின்னால் பிளாஸ்டிக் குடம் தரையில் வைக்கிற சத்தம். திரும்பாமலே தெரிந்தது. தையல் கம்பெனி வேன் ஏழு மணிக்கு வரும், அதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்க வருகிறவள் இந்திராணி ஒருத்திதான். அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது, வரி மாறும் இடத்தில் நின்று நின்று. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "என்னய மன்னிச்சிரு தாயி" என்று சொன்னேன், சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நான் அன்னிக்கே படிச்சுட்டேண்ணே" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பால்காரரு வர்றதுக்கு முந்தியே படிச்சுட்டேன். அந்த மூலையில நின்னேன். இருட்டுல அவரு என்னயப் பாக்கல. நேத்துன்னு போட்டிருந்துச்சு. நேத்துச் சரி பண்ணுனான்னு. எனக்கு ஒண்ணுமே ஓடல. நேத்து இங்கனதான் இருந்தானாக்கும், நாம்தான் பாக்கலையாக்கும்னு... ஒரு நிமிசம் அப்படியே நம்பிட்டேண்ணே. இன்னொருக்கா படிக்கலாம்னு கிட்ட வர்றேன், அதுக்குள்ள இவரு துண்ட எடுத்துத் தேச்சுட்டாரு." குரல் உடையவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது, என் குரலைப் போலவே. "அந்த ஆத்திரம் எனக்கு. லூர்து அண்ணன் அந்த ஏச்சு ஏசுறப்ப, ஏசட்டும்னு நின்னேன். பாலையும் நிறுத்துனேன். எல்லாரும் எம்முன்னாடி அவன் பேரச் சொல்ல மாட்டேங்கிறாங்க, வாய மூடிக்கிறாங்க. சுவத்துலயாவது இருந்துச்சு, அதையும் அழிச்சுட்டாரேன்னு."

ஒன்பது வருஷமாக இந்தப் பலகையில் தெரிந்தே ஒரு பொய் எழுதியதில்லை என்ற ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது, அந்தப் புத்திதான் முதலில் முன்னால் வந்தது. ஈரத்துணியை எடுத்தேன். "அப்ப, தாய் பார்க்கும் முன்னுங்கிறது தப்புல்ல? அத மட்டும் மாத்திடறேன்."

"வேணாம்ணே."

"தப்பாச்சே தாயி."

"அவரு அப்படித்தான நெனச்சுக்கிட்டுத் திரியுறாரு. நான் பாக்கலைன்னுதான அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டாரு. இப்பப் போயி, நீ வாங்குனது வீணுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய ரோட்டிலிருந்து சைக்கிள் திரும்பியது. சோணைமுத்து, பின்னால் ட்ரே, முன்னால் தொங்கும் பை. எங்கள் இருவரையும் பலகை முன்னால் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான், சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தான் போல, அப்புறம் அவன் பெயர் அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு காலைத் தரையில் ஊன்றினான். மெதுவாகப் படிக்கிறவன், உதடு அசைந்தது. மூன்றாவது வாக்கியத்தில் உதடு நின்றது. முகம் கறுத்தது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, இதற்காகவா நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்கிற கோபம். பிறகு இந்திராணியைப் பார்த்தான், பார்க்கப் பயந்து பார்த்தான்.

"படிச்சிட்டியா தாயி?"

இந்திராணி குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"இப்பத்தாண்ணே படிச்சேன். அன்னிக்கு நான் ஒண்ணுமே பாக்கல."